ஐம்பத்தொன்று நானூறு, பக்கத்தில் ஒரு சுழி

செய்தி முதலில் என் காதுக்குத்தான் வந்தது. திருச்சுழி கடைவீதியில் இருக்கும் எங்கள் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு, சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்குப் போன் வந்தது. சென்னையிலிருந்து சீனி அண்ணனின் கோச் பேசினார். "சீனி போயிட்டான் பாப்பா" என்றார். "எங்க போனாக?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் என்னுடையது, அது முந்திக்கொண்டது.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தில் ஒன்று விட்டார். "எதுல விளையாடுறதுன்னு இல்லையா ஒனக்கு?" அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முந்தின மாதம்தான் "வரி ஆபீசருக வாராக" என்று புளுகி, அவரைப் பின்வாசல் வழியாக ஓட வைத்திருந்தேன். நான் உண்மை சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இது எனக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த முப்பதாம் நாள் நினைவு மலரில் எழுத ஒப்புக்கொண்டேன். மற்றவர்கள் சீனி அண்ணனின் வீரத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் அவருடைய எடையைப் பற்றி எழுதுகிறேன்.

எடை ஐம்பது கிலோ எண்ணூறு. அதற்கு மேல் போனால் அவருடைய பிரிவில் குத்துச்சண்டை மேடை ஏற விடமாட்டார்கள். ஃப்ளைவெயிட் என்றால் ஈ எடை என்று தெரிந்த நாளிலிருந்து அவர் எனக்கு 'ஈ அண்ணன்'. "ஈன்னு இளிக்காத, போய் எடை மிஷின போடுத்தா" என்பார். முழுப்பெயர் சீனிவாசன். ஆனால் சண்டை நெருங்கினால் சீனியை நாக்கில் வைக்க மாட்டார். கடையில் சரக்கு மிளகாய், லோடு இறக்குகிறவர் சீனி, கல்லாவில் நான், தேன்மொழி. "பலசரக்குக் கடைன்னு போர்டை மாத்திருங்க முதலாளி" என்று அப்பாவிடம் சொல்வார்.

காலையில் மூட்டை தூக்குவார். சாயங்காலம் பின்கட்டுத் தகரக் கொட்டகையில், அருப்புக்கோட்டைத் தறிகளில் மிஞ்சிய கழிவு நூலை அடைத்த பையைக் குத்துவார். ஒருநாள் அந்தப் பைக்குள் ரெண்டு கை வத்தல் தூளைப் போட்டுவைத்தேன். ஒரு குத்துக்கு ஒரு தும்மல். பன்னிரண்டாவது தும்மலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலும் மூக்கிலும் ஊற்றிக்கொண்டே, "எட்டு வருசத்துல எந்தப் பயலும் என்னை அழ வச்சதில்ல. நீ வச்சுட்டியே" என்றார். அப்பாவிடம் சொல்லவில்லை. நூலை வெயிலில் உதறிக் காயப்போடும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் தும்மினேன்.

எட்டு வருஷம் தொழில்முறைக் குத்துச்சண்டை. ஆனால் பெரும்பாலும் மாற்று ஆள்தான். வர வேண்டியவன் வராதபோது இவருக்குப் போன் வரும். அன்றே பஸ் ஏறி, மறுநாள் ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவனிடம் புள்ளிக்கணக்கில் தோற்றுவிட்டு வருவார். "கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் மாதிரித்தா நாம. பந்தி முடிஞ்சா கழுவிக் கவுத்திருவாக" என்பார். பெங்களூரில் ஒருமுறை உள்ளூர்க்காரனை மூன்றாவது சுற்றிலேயே சாய்த்துவிட்டார். வெற்றி பெற்றவர் என்று அறிவிப்பாளர் கீழே கிடந்தவன் பெயரையே வாசித்தாராம். எழுதிவைத்திருந்தது அந்தப் பெயர் மட்டும்தான். அந்தச் சண்டை முடிந்து வரும்போது காரியாபட்டியில் பஸ் ஏறிய ஒருவர், அண்ணனின் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பொண்டாட்டி அடிச்சிருச்சா?" என்றிருக்கிறார். "இன்னும் கல்யாணம் ஆகலண்ணே. அதுக்குத்தான் பழகிட்டு வாரேன்."

இந்தத் தடவை அப்படி இல்லை. பட்டத்துக்கான சண்டை. மாற்று ஆளாக அல்ல, அவரைத்தான் கேட்டுக் கூப்பிட்டார்கள். போஸ்டரில் பாதி அவர் முகம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதை ஒட்டியபோது, ஓரம் சுருளாமல் இருக்க அவரே நின்று தடவிக்கொடுத்தார். வயது முப்பத்தொன்று. "இது போச்சுன்னா அடுத்து இல்லத்தா" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இனி எடை மிஷின். மூட்டை நிறுக்கும் எங்கள் மிஷினில்தான் தினமும் காலையில் ஏறுவார். அவர் நேராகப் பார்த்து நிற்கும்போது, பின்னாலிருந்து என் கால் கட்டைவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்து அழுத்துவேன். எண் ஏறும். அவர் பதறுவார். நான் காலை எடுப்பேன். என் கட்டைவிரல் சரியாக அறுநூறு கிராம் என்பது அவர் கண்டுபிடிப்பு. மூட்டைக்கு அடையாளம் போடும் நீல மையால் சுவரில் தினமும் எடையை எழுதுவார். நான் கால் வைத்த நாளில் பக்கத்தில் ஒரு சின்னச் சுழி போடுவார். அறுநூறைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். "சுழி புடிச்ச கழுத" என்று திட்டினால், "திருச்சுழிக்காரி வேற எப்படிண்ணே இருப்பா?" என்பேன். நாளாக ஆக அவர் மறுபடி ஏறிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கழித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

சென்னைக்குப் புறப்பட்ட வெள்ளிக்கிழமை காலை. இன்றைக்கு விளையாடக் கூடாது என்று நான் முதல் நாளே முடிவு செய்திருந்தேன். தட்டிலிருந்து நாலடி தள்ளி நின்றேன். அண்ணன் ஏறினார். ஐம்பத்தொன்று நானூறு.

"எடுத்தா கால."

"வைக்கலண்ணே."

"கெளம்புற அன்னைக்குமா?"

"சத்தியமா வைக்கலண்ணே. திரும்பிப் பாருங்க, எங்க நிக்கேன்னு."

திரும்பிப் பார்த்தார். "அதுக்குள்ள தள்ளிப் போயிட்டியே! இந்தக் கால் வேகம் எனக்கு இருந்திருந்தா எப்பவோ பட்டம் வாங்கியிருப்பேன்."

"அண்ணே, எங்கம்மா மேல சத்தியம். இன்னொரு வாட்டி ஏறுங்க."

"போன மாசமும் இதே அம்மா மேலதான சத்தியம் பண்ணுன?"

பண்ணியிருந்தேன். வெளியே மதுரை பஸ் ஹாரன் அடித்தது. சுவரில் எண்ணை எழுதினார். பக்கத்தில் சுழி போட்டார். "அறுநூறு போக எடை சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் அரை கிளாஸ் டீ வாங்கினார். எட்டு நாளுக்குப் பிறகு முதல் டீ, சீனி போட்டு. நான் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று "வேணாம்ணே" என்று கத்தினேன். கிளாஸை உயர்த்திக் காட்டினார். பஸ் போன பிறகு, 'நிஜமாவே கால் வைக்கல' என்று செய்தி அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. கோச்சுக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. கேலி செய்வார் என்று நினைத்தேன்.

மறுநாள் நண்பகல் சென்னையில் எடை பார்த்தபோது நானூறு கிராம் கூடுதல். அதைக் குறைக்க ரெண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வியர்த்து எடை இறங்கப் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் விடுதி மொட்டை மாடியில் ஓடியிருக்கிறார். அரை மணி நேரம் மிச்சம் இருந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியத்துக்கு வந்த கோச் அப்பாவிடம் சொன்னார்: "எடை கூடக் காட்டுனதும் எல்லாரும் மிஷினப் பாக்காங்க, இவன் மட்டும் திரும்பித் தன் காலுக்குப் பின்னால பாத்தான். எதுக்குன்னு வெளங்கல." பக்கத்தில் காபித் தட்டோடு நின்ற எனக்கு விளங்கியது.

ஊரில் டீக் கதைதான் பரவியது. எடை பார்க்கும் நேரத்தில் வாயைக் கட்டத் தெரியாதவன் என்றார்கள். அண்ணனின் அம்மா டீ குடிப்பதையே விட்டுவிட்டார்கள். "ஒரு வாய் டீக்கு ஆசைப்பட்டுட்டானே எம்பிள்ள" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு என்னால் முடியவில்லை. நான் பெரியம்மா என்று கூப்பிடும் அந்த அம்மாவைக் கடைக்குக் கூட்டிவந்து சுவரைக் காட்டினேன். முதல் சுழியிலிருந்து கடைசிச் சுழி வரை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் டீக்கு ஆசைப்பட்டு எடையைக் கோட்டைவிடவில்லை, என்னை நம்பாததால் கோட்டைவிட்டார் என்று சொன்னேன். பெரியம்மா நீல எண்களை ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"அன்னைக்கு நீ வைக்கலையா?"

"வைக்கல பெரியம்மா."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிஷினில் ஏறினார்கள். எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று, "எம்புட்டு காட்டுது? எனக்குக் கண்ணு தெரியாது" என்றார்கள்.

"நாப்பத்தாறு எழுநூறு."

"சரித்தா." இறங்கிவிட்டார்கள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அப்பா அந்தச் சுவரையும் சேர்த்துக் கணக்குப் பண்ணினார். விடவில்லை நான். காரணத்தைச் சொன்னேன். இந்த முறை அப்பா நம்பினார். அண்ணனுடைய கையுறைகளைக் கோச் எடுத்துக்கொண்டார். போஸ்டரை மழை கொண்டுபோய்விட்டது. எனக்கென்று இருப்பது அந்தச் சுவர்தான். அதில் நாற்பத்துமூன்று சுழிகள். அவற்றில் நாற்பத்திரண்டு நான் கால் வைத்துச் சம்பாதித்தவை. கடைசி ஒன்று மட்டும் அண்ணன் தப்பாகப் போட்டது. அதை அழிக்க மாட்டேன்.