அதிகாரம் பண்ணுகிற சிஸ்டர்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண்ணைத் திட்ட வேண்டுமென்றால் ‘அவ ரொம்ப அதிகாரம் பண்றா’ என்றால் போதும். அதற்கு மேல் விசாரணை கிடையாது. இந்தச் சொல்லைத்தான் யாரோ ஒரு புண்ணியவான் தேடிப்பிடித்து, ‘செவிலியர்களுக்கு அதிகாரமளித்தல்’ என்று ஆக்கி வைத்திருக்கிறார். கம்பத்தில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனை வாசலில் அது பேனராகத் தொங்கியது. செவிலியர் தினத்துக்கு விழாவாம். யாருடைய அதிகாரத்தை எடுத்து எங்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள், அவருக்கு இது தெரியுமா என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்டால் அதுவும் அதிகாரம் என்பதால் கேட்கவில்லை.

விழாவுக்கு முன்னால் பயிற்சி வேறு நடந்தது. மதுரையிலிருந்து வந்த பயிற்சியாளர் எங்களை எழுப்பி நிறுத்தி, இரண்டு கைகளையும் தூக்கி ‘என்னால் முடியும்’ என்று கத்தச் சொன்னார். நைட் ட்யூட்டி முடித்தவர்கள் கொட்டாவியோடு கத்தினார்கள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுவதற்கு நாள் முழுக்கக் கை தூக்குகிறவர்களுக்கு இது பெரிய காரியமா?

“நோயாளியின் நன்மைக்காக நீங்கள் தயங்காமல் ‘கூடாது’ என்று சொல்லலாம்” என்றார் பயிற்சியாளர். மேனேஜர்தான் முதலில் கைதட்டினார்.

அந்த வாரமே அதைச் சொல்லிப் பார்க்கும் யோகம் எனக்கு அடித்தது. மார்க்கையன்கோட்டையிலிருந்து தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். நாளுக்கு முன்பே பிறந்த ஆண் பிள்ளை. எடை குறைவு; மூச்சு விட்டால் விலா எலும்பு தெரியும். தாய்ப்பாலைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது, சளி இருமல் உள்ளவர்கள் கிட்டவே வரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். சொல்லிவிட்டுப் போவது அவர் வேலை, காவல் காப்பது என் வேலை.

மறுநாள் காலையில் வார்டுக்குள் ஒரு கூட்டம் நுழைந்தது. நடுவில் வெள்ளை வேட்டியில் அந்தப் பெண்ணின் மாமனாருக்கு அண்ணன். மலையில் ஏலத்தோட்டம், கீழே திராட்சைத் தோட்டம், எங்கள் முதலாளிக்கு நெருங்கிய சிநேகிதர். மலையில் கோடை மழையில் நனைந்துவிட்டு இறங்கியிருந்தார். அவர் படியேறி வருவதற்குள் அவருடைய இருமல் வந்து சேர்ந்துவிட்டது. கையில் சீனித் தண்ணீர்க் கிண்ணம். சேனை வைக்க வந்திருந்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் நல்ல குணமுள்ளவராகத் தேட வேண்டும். நல்ல வசதியுள்ளவரைத் தேடுவதுதான் வழக்கம்.

அந்தப் பெண் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். புகுந்த வீட்டாரிடம் அவளுக்கு வாய் எழவில்லை. “சிஸ்டரு...” என்று மட்டும் சொன்னாள்.

நான் குறுக்கே போய் நின்றேன். “ஐயா, இங்கன சேனை வைக்கக் கூடாது. பிள்ளை எடை கம்மி. ஒங்களுக்கு இருமல் வேற இருக்கு. தயவுசெஞ்சு வெளிய இருங்க.”

“ஏலே, யாரு இந்தப் பிள்ளை? என்னையவா வெளிய போகச் சொல்லுது?” என்று அவர் கூட வந்தவர்களைக் கேட்டார்.

“ஐயா யாருன்னு தெரியாது போல. புதுசா இருக்கும்” என்றார் ஒருவர். இப்படிச் சொன்னவருடைய பேரனே என் கையில் பிறந்தவன்தான்.

கூட்டம் முனகிக்கொண்டே வெளியேறியது. பிள்ளை எதுவும் அறியாமல் தூங்கியது. கையைத் தூக்காமலே என்னால் முடிந்திருந்தது.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். “என்ன சிஸ்டர், பெரிய மனுசர்கிட்ட அதிகாரம் பண்ணீகளாம்ல?”

அவருக்குப் பின்னால் சுவரில் விழா அழைப்பிதழ். அதே சொல், தங்க எழுத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதைத்தான சார் நாளைக்கு மேடையில குடுக்கப் போறீக?”

“வெளையாடாதீக. அவுகதான் சீஃப் கெஸ்ட். நாளைக்கு வாசல்ல நின்னு நீங்களே வரவேற்கணும். அப்பத்தான் அவுக மனசு ஆறும்.”

“வார்டை யாரு சார் பாக்குறது?”

“ஆயாம்மா இருக்காகல்ல!”

மருத்துவமனை மாடியில்தான் விழா. பன்னீர்ச் செம்போடு என்னை மாடி வாசலில் நிறுத்தினார்கள். சீஃப் கெஸ்ட் வர நேரமாகிவிட்டது. வந்தவர், பெண்கள் யாருக்கும் அஞ்சக் கூடாது என்று மைக்கில் இருமி இருமிப் பேசினார். பிறகு ‘அதிகாரம் பெற்ற செவிலியர்’ என்ற பேட்ஜை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். என்னிடம் கொடுக்கும்போது குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்: “கீழ சேனை வச்சுட்டுத்தாம்மா வாரேன். நீ இங்கனல்ல நின்ன?”

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் பேட்ஜின் ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. கீழே ஓடினேன். ஜன்னலில் காலிக் கிண்ணம். பிள்ளையின் உதடு பிசுபிசுத்தது. அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

“நான் வேணாம்னு சொன்னேன் சிஸ்டரு. வாயைத் தெறந்து சொல்லிட்டேன். ‘ஒனக்கும் அந்தச் சிஸ்டரு புத்தி வந்துருச்சா’ன்னு கேட்டுட்டு வச்சுட்டாக.”

சேனை வைத்தவரின் குணம் வந்ததோ என்னவோ, இருமல் வந்துவிட்டது. சில நாளில் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. டாக்டரம்மா உடனே தேனிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்று, எப்படி ஆச்சு, யார் பொறுப்பு என்று பிள்ளையின் தகப்பன் கத்தினான். மேனேஜர் என்னைக் கைகாட்டினார். “எதுன்னாலும் சிஸ்டர்கிட்டயே கேளுங்க. வார்டுல முழு அதிகாரமும் அவுகளுக்குத்தான்.”

ஆக, கொடுத்தேவிட்டார்கள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. தேனியில் பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தது. தடுப்பூசி போட எங்களிடம் தூக்கி வந்தபோது கன்னம் கொஞ்சம் பூரித்திருந்தது. மருத்துவமனை வாசலில் பார்த்த சொந்தக்காரர் ஒருவர் பிள்ளையைக் கொஞ்சக் கையை நீட்டினார். அந்தப் பெண் பின்னால் ஒரு எட்டு நகர்ந்து, “கையைக் கழுவிட்டு வாங்க மாமா” என்றாள். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

கூட வந்திருந்த அவள் மாமியார் என் காதருகே வந்து குறைப்பட்டுக்கொண்டாள். “பாத்தீகளா சிஸ்டரு? இவ வரவர ரொம்ப அதிகாரம் பண்றா.”