துரையின் தொப்பியும் பெரியப்பாவின் தாங்கலும்

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர் திருவிதாங்கூரைப் பற்றிப் புத்தகம் எழுத வந்தார். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டார். வண்டியில் போனால் ஊர் கண்ணில் படாதாம். நடந்தே தீருவேன் என்றார். சித்திரை வெயிலில் கன்னியாகுமரிக்கு நடந்து போகிறவனை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பாதி வழியில் மனிதர் சுருண்டு விழுந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது, பேச்சு குழறியது. சுற்றிலும் பனை. கண்ணுக்கெட்டிய ஒரே கூரை, அய்யாவழிக்காரர்கள் கூடிக் கும்பிடும் நிழல்தாங்கல். அதைப் பார்த்துக்கொண்டவர் என் பெரியப்பா.

நான் பிறக்கும் முன்பே அப்பா ஞானஸ்நானம் எடுத்து வேதக்காரராகிவிட்டார். அன்று முதல் அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்குக்கூடப் போவதில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இப்போது பெரியப்பா துரத்திவிட்டால் துரை அந்த மணலிலேயே செத்துப்போவார்.

வேறு வழியில்லாமல் துரையைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் மரியாதை காட்ட வேண்டுமே! வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினேன். துரையின் தொப்பியையும் கழற்றினேன். என் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டினேன். கோயிலுக்குப் போவதென்றால் வேதக்காரனான எனக்குத் தெரிந்தது அதுதான்.

பெரியப்பா வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னலே இது, தலைய மொட்டையா வச்சிட்டு நிக்க? கெட்டுலே!"

அவரே துண்டைப் பிடுங்கி என் தலையில் இறுக்கிக் கட்டினார். தம் தோளில் கிடந்ததை எடுத்துத் துரைக்கும் கட்டிவிட்டார்.

"இங்க எவன் வந்தாலும் ராசா மாதிரி தலகெட்டோடதான் வரணும். வெள்ளக்காரனா இருந்தா என்ன, வேதக்காரனா இருந்தா என்ன? சட்டய கழத்திட்டு ஆள உள்ள கொண்டு வா மக்கா."

மக்கா என்றாரே, அதில் பாதி பயம் போயிற்று. ஈரத்துணியால் துரையின் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தார், பிறகு கஞ்சி. துரைக்கு நினைவு திரும்பியது. வெயில் தாழ்ந்ததும் பெரியப்பாவே வண்டி பூட்டி எங்களை வீடு வரை ஓட்டி வந்தார்.

பின்னாளில் வந்த புத்தகத்தில் துரை பனைக்கும் கடலுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அந்த மத்தியானத்துக்கு ஒரு வரிதான். எனக்குக் குறையில்லை. நடந்தே தீருவேன் என்ற அவருடைய பிடிவாதத்துக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன். பாவம், அன்று எங்கள் வீட்டு வாசலில் நடந்ததை அவர் பார்க்கவே இல்லை. வண்டிக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். வண்டியில் இருப்பது யாரென்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒனக்க மவனயும் இந்த ஆளயும் எறக்கிக்கோ. நான் போறேன்" என்றார் பெரியப்பா, எங்கோ பார்த்தபடி.

அப்பா எங்களை இறக்கவில்லை. நேரே போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுப் போ."

அப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியப்பா இறங்கினார்.