பித்தப்பையும் மஞ்சப்பையும்

கருணாபுரம் காசியம்மாளுக்கு டாக்டர்கள் என்றால் பயமில்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரைப் பதினோரு வருஷமாகத் துடைக்கிறாள். முகமூடிக்கு மேலே தெரியும் கண்ணை வைத்தே எந்த டாக்டருக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லிவிடுவாள். அவள் பயந்ததெல்லாம் சூப்பர்வைசர் சின்னதுரைக்குத்தான். அவன் தலையாட்டினால்தான் வேலை நிலைக்கும், வீட்டில் அடுப்பு எரியும்.

மயக்க மருந்து டாக்டர் ஷாலினிக்குத் திடீரென்று தியேட்டர் குப்பைமேல் கோபம் வந்தது. ரத்தம் பட்டதைப் போடவேண்டிய மஞ்சள் பிளாஸ்டிக் பையில் சுத்தமான அட்டை, காகிதத்தையும் திணித்து எரிக்க அனுப்புகிறார்கள், புகை ஊருக்குத்தானே? "மஞ்சள் பையில் கவனம் தேவை" என்று சுற்றறிக்கை விட்டார். ஸ்டோரில் அதைப் படித்த புண்ணியவான் வெங்கடேசன், கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுக்கும் துணி மஞ்சப்பை இருநூறு வாங்கி இறக்கிவிட்டான்.

"இனிமே எல்லாத்தையும் இதுலதான் போடணும்" என்றான் சின்னதுரை.

"இன்னா சார் பேசறீங்க? பித்தப்பைய மஞ்சப்பையில போட்டா ஒழுகாதா?"

அவள் தன் இஷ்டப்படி செய்தாள். நோயாளி உள்ளே வருவதற்கு முன் பிரிக்கிற அட்டை, உறையெல்லாம் துணிப்பைக்கு. ரத்தம் பட்டது பழையபடி பிளாஸ்டிக்குக்கு. தினமும் ஒன்பது பிளாஸ்டிக் பை எரியப்போன இடத்தில் நாலுதான் போயிற்று.

சின்னதுரைக்கு மூக்கில் வேர்த்தது. "மீதி குப்பைய வெளிய வித்துக்கினு இருக்கியா? நாளைலேர்ந்து வராத."

காசியம்மாள் துணிப்பையை இழுத்துப்போய் ஷாலினி டாக்டர் மேசையில் கொட்டினாள். பின்னாலேயே சின்னதுரையும் ஓடிவந்தான். அத்தனையும் அட்டை, காகிதம். ஒரு பொட்டு ரத்தமில்லை.

"இதை யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார் டாக்டர்.

"யாரும் இல்லைங்க. ஆறு வருஷம் முன்ன எனக்கே இங்கதான் கர்ப்பப்பைய எடுத்தாங்க. மயக்கம் குடுக்கறதுக்கு முன்ன பார்த்துக்கினே படுத்திருந்தேன். எம்மேல கத்தியே படல, அதுக்குள்ள ரெண்டு மஞ்ச பை ரொம்பிப்போச்சி. என்னுது கையளவுகூட இருந்திருக்காது. ரெண்டு புள்ள இருந்த எடங்க அது. அட்டையோட அட்டையா எரிச்சிருப்பாங்க."

சின்னதுரை குனிந்து, சிதறிய காகிதங்களைப் பொறுக்கித் துணிப்பையில் போட ஆரம்பித்தான்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டாள் காசியம்மாள்.