இன்னொரு கழுத்து

கல்கத்தா பெஹாலாவில் எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளும் டேப் சுற்றிய இரண்டு ஒயர் நுனிகளும் இருக்கின்றன. காலிங் பெல் சுவிட்ச் இருந்த இடம் அது. வருகிறவர்கள் பழக்கத்தில் அங்கே விரலைக் கொண்டுபோவார்கள், ஒன்றும் இல்லாததைப் பார்த்துத் திகைப்பார்கள், பிறகு கதவைத் தட்டுவார்கள். போன வாரம் பார்சல் கொண்டுவந்தவர், "பெல் இல்லையா?" என்று வங்காளத்தில் கேட்டார். "இருக்கே. வேற வேலையா வெளியூர் போயிருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நான் சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் பெட்டிகளின் விளக்கும் விசிறியும் பார்க்கிற எலக்ட்ரிகல் டெக்னீஷியன். ஒரு பெல் சுவிட்ச் மாட்ட எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் மாட்ட மாட்டேன். அதை என் பௌதி கொண்டுபோயிருக்கிறாள்.

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி என்று கூப்பிட்டுப் பார்த்தேன், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். சரி, பௌதியாகவே இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன். அவளும் அண்ணனும் பவானிபூரில் ஒரே அலுவலகம். அப்பா ரயில்வே வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், அவர் காலமான பிறகும் அம்மா அந்த ஊர்ப் பேச்சை ஒரு சொல்கூட மாற்றிக்கொள்ளாமல் வைத்திருந்தாள். பௌதி தமிழ் கற்றது அம்மாவிடம்தான். அதனால் அந்த வங்காளிப் பெண் என்னை, 'அடியே' என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள். கேட்கிற தமிழர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒரே ஒரு சொல்லில் மட்டும் அவள் கடைசிவரை திருந்தவில்லை. வங்காளத்தில் 'கலா' என்றால் கழுத்து, அதுவே தொண்டை, பாடுகிற குரலும் அதுவேதான். நாம் மூன்று சொல் வைத்திருப்பது அவளுக்கு வீண் செலவாகப் பட்டிருக்க வேண்டும். கழுத்து என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். "மா, இன்னிக்கு என் கழுத்து நல்லா இல்ல, சளி" என்பாள். டிவியில் யாராவது நன்றாகப் பாடினால் "என்ன கழுத்து!" என்பாள். அம்மா, "ஏன், வைர அட்டிகை போட்டுருக்காளோ?" என்று கேட்பாள். பௌதிக்குக் கோபமே வராது. அந்தக் கிண்டலுக்காகவே வேண்டுமென்று சொல்கிறாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

அவள் பாடினால் நின்றுகொண்டுதான் பாடுவாள். தோளில் எலக்ட்ரிக் கிட்டாரைத் தொங்கவிட்டு, காலைச் சற்று அகட்டி நின்று, தானே தாளத்துக்கு மீட்டிக்கொண்டு தானே பாடுவாள். எங்கள் தெருவில் துர்கா பூஜை முடிந்ததும் நடக்கும் விஜயா சம்மேளனிக் கூட்டத்தில் முதல் பாட்டு எப்போதும் அவளுடையது. வீட்டில் சமைக்கும்போதும் பாட்டுத்தான். அம்மாவுக்கு அதில் ஒரே ஒரு குறை இருந்தது. "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வரிக்கு வரி முந்தி ஒரு இழுப்பு மூச்ச இழுக்கா பாரு, தெரு முக்குல நிக்கவனுக்குக் கேக்கும்." உண்மைதான். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் தண்ணீரில் முங்கப் போகிறவள்போல அவள் மூச்செடுப்பது மைக்கில் நன்றாகவே கேட்கும். "மூச்சு எடுக்கலன்னா செத்துப் போவேன் மா" என்று அவள் சிரிப்பாள். "செத்தும் போவாண்டாம், தெருவக் கூட்டவும் வேண்டாம், மெள்ள எடு" என்பாள் அம்மா.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை, கட்டியும் கெட்ட கட்டி இல்லை. குரலுக்குப் போகிற நரம்பு மட்டும் எழுந்திருக்கவில்லை. சில மாதங்களில் திரும்பலாம் என்றார் டாக்டர். திரும்பவில்லை. பேசினால் வெறும் காற்றாக ஒரு கிசுகிசுப்பு, அதுவும் விசிறி ஓடினால் கேட்காது. பயிற்சிக்கெல்லாம் போனாள். பேச்சு கொஞ்சம் தெளிந்தது, பாட்டு வரவே இல்லை. வீடு பொறுக்க முடியாத அமைதியாகிப் போயிற்று. அம்மா காய் நறுக்கும்போதுகூட ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் பூஜைக்கு முன்னால் தெரு கிளப்பின் செக்ரட்டரி இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். நல்ல மனிதர். இந்தத் தடவை பௌதி முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும், மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்திக் கௌரவிக்கிறோம் என்றார். வேறொரு பெண் பாடப் போகிறாள், விருப்பமிருந்தால் அவளுக்குப் பின்னால் கிட்டார் வாசிக்கலாம் என்றும் சொன்னார். பௌதி அவருக்கு டீ கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு என் காதருகே வந்து, "ஏட்டி, நான் என்ன செத்தா போயிட்டேன், துணி போத்த?" என்றாள். அந்தக் கிசுகிசுப்பில் இருந்த கோபத்தை நான் வேறெந்தக் கத்தலிலும் கேட்டதில்லை.

மறுநாள் அலமாரி மேலிருந்து தன் பழைய ஹவாயன் கிட்டாரை இறக்கினாள். கல்கத்தாவில் சாதாரணக் கிட்டாருக்கு ஸ்பானிஷ் என்று பெயர். மடியில் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது ஹவாயன், ஸ்டீல் கிட்டார் என்பதும் அதுதான். ஒரு காலத்தில் வங்காளி வீட்டுப் பெண்கள் பாதிப் பேருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பௌதிக்கு அது பிடிக்காது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோலத் தலையைக் குனிந்தே வாசிக்க வேண்டும் என்பாள். ஆனால் அந்த இரும்பு கம்பியில் வழுக்கும்போது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குரல் போவதுபோலவே போகும், நடுவில் படியே இல்லை. அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "ஏட்டி, எனக்கு இன்னொரு கழுத்து வேணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவி, இதற்கு நான் எங்கே போவேன்? அவளோ மேசையில் ஒரு காகிதத்தை விரித்து வரைய ஆரம்பித்துவிட்டாள். ஒரே உடம்பு, இரண்டு கழுத்துள்ள கிட்டார். மேல் கழுத்து அவளுடைய எலக்ட்ரிக், தாளத்துக்கு மீட்ட. கீழ்க் கழுத்து ஸ்டீல், அது பாட. "முன்னால ரெண்டையும் நானே செய்தேன். இப்பவும் ரெண்டையும் நானே செய்வேன். நின்னுக்கிட்டு." எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்தது, சிரிப்பு போய்ப் பயம் வந்தது. மரமும் தெரியாது, கிட்டாரும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒயர். "சரி, செய்வோம்" என்று சொன்னது நான்தானா என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

இருந்த இரண்டு கிட்டாரையும் அறுத்தாக வேண்டும். அண்ணன் குறுக்கே நின்றான். "அறுத்துட்டுச் சரியா வரலன்னா? இப்ப மீட்டவாவது ஒண்ணு இருக்கு. அப்புறம் அதுவும் கிடையாது." நியாயமான பேச்சுத்தான், நானே ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். பௌதி ரம்பத்தை எடுத்து, தன் எலக்ட்ரிக் கிட்டாரின் வயிற்றில் வைத்து அறுக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தில் அண்ணன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பி வந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் எடுத்த பலகை மாமரம். பன்னிரண்டு கம்பிகளின் இழுப்பைத் தாங்காமல் அப்பளமாக வளைந்தது. அடுத்தது பழைய தேக்குக் கதவின் பலகை. அது வளையவில்லை, ஆனால் தூக்கித் தோளில் போட்டால் பௌதி வளைந்தாள். உட்கார்ந்து வாசியேன் என்றேன், முறைத்தாள். கடைசியில் எங்கள் வீட்டில் ஓடாமல் கிடந்த பெடஸ்டல் ஃபேனின் தலையைக் கழற்றிவிட்டு, அந்தக் காலின் மேல் கிட்டாரைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தினேன். உயரம் கூட்டலாம், குறைக்கலாம், நன்றாக நின்று வாசிக்கலாம். மேல் கழுத்தில் கம்பிகள் விரலால் அழுத்தத் தாழ்வாகவும், கீழ்க் கழுத்தில் இரும்பு கீழே இடிக்காமல் ஓட உயரமாகவும் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய அவள் தேய்த்த தேய்ப்பில் விரல் நுனியெல்லாம் புண்ணாயிற்று. கீழ்க் கழுத்தில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற காந்தச் சுருள் கிடையாது. நான் சுற்றினேன். ஃபேன் மோட்டாருக்குச் சுற்றிப் பழகிய கை, இந்த ஒயரோ தலைமுடியைவிட மெலிசு, இழுத்தால் அறுந்தது. அம்மாவின் தையல் மெஷினில் நூல்கண்டு சுற்றும் சக்கரத்தில் பொருத்தி, அறுந்து, திட்டி, மறுபடி சுற்றி, ஒரு வழியாக ஒரு சுருள் உயிரோடு வந்தது.

பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்த நாட்களில் அவள் முதல் தடவையாக முழுப் பாட்டையும் வாசித்தாள். மேலே சிறிது மீட்டல், கை கீழே இறங்கும், இரும்பு வழுக்கும், பாட்டின் வரி அப்படியே அவள் பாடுகிற வளைவுகளோடு வரும். வாசிக்கும்போது உதடு சொற்களைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், நான் திருப்பவில்லை, தாரை தாரையாக அழுதேன். வாசித்து முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள் பௌதி. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லாஞ் சரி. மூச்சே விட மாட்டேங்காளே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்கு வாய் சும்மாவே இருக்காதா? அவ பாடும்போது மூச்சு விட்டா குத்தம், இப்ப விடலன்னா குத்தமா?" என்று கத்திவிட்டேன். அம்மா கலங்கிப்போய், "ஏட்டி, நான் கொறையாச் சொல்லலட்டி. அவ மாதிரி இல்லைன்னேன். வேற யாரோ பாடுத மாதிரி இருக்கு" என்றாள். பௌதி மெல்லத் தலையாட்டினாள். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. கம்பிக்கு மூச்சு வேண்டாம், ஒரு வரி அடுத்த வரிக்குள் தேன்போல ஒழுகிக்கொண்டே போனது. இனிமையாக இருந்தது, அவளாக இல்லை.

வரிக்கு வரி நடுவே மூச்சுக்கு இடம் விட இரும்பைத் தூக்கிப் பார்த்தாள், கம்பி 'டங்' என்றது. உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள், அடுத்த வரியை மீட்டக் கை பிந்தியது. விஜயா சம்மேளனி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இதோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டு மாஷிமா, கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தார். கதவைத் திறந்த நான் அவரைப் பார்க்காமல் அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். அழுத்தினால் இணையும், விட்டால் பிரியும். இதையே கிட்டாரின் இரண்டு ஒயர்களுக்கும் குறுக்காகப் போட்டால், அழுத்துகிற நேரம் மட்டும் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, ஒலி ஆம்ப்ளிஃபையருக்குப் போகாது. வீட்டில் அழுத்தினால் சத்தம் வரும், அங்கே அழுத்தினால் சத்தம் நிற்கும். மாஷிமா வாசலில் நிற்க நிற்க, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து அந்த சுவிட்சைக் கழற்றினேன். "பைத்தியம் பிடிச்சிருச்சா இவளுக்கு?" என்று அவர் பௌதியைக் கேட்டார். கறிவேப்பிலையை யார் கொடுத்தார்கள் என்று ஞாபகமில்லை.

மீட்டுகிற கையின் சுண்டுவிரல் எட்டும் இடத்தில் அதைப் பதித்தேன். சால்டரிங் ஆறுவதற்குள் பௌதி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு வரி முடிந்தது, சுண்டுவிரல் அமுங்கியது, ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அந்தக் கணத்தில் அவள் வாயைத் திறந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், பழையபடி. விரலை எடுத்ததும் அடுத்த வரி வந்தது. அடுப்படியை எட்டிப் பார்த்தேன், அம்மா ரேடியோவை அணைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் ஃபேன் காலைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். செக்ரட்டரி எதற்கும் இருக்கட்டும் என்று சால்வையைக் கையிலேயே வைத்திருந்தார். பௌதி காலை அகட்டி நின்று மீட்டினாள், கையை இறக்கி முதல் வரியை வழுக்கினாள். கூட்டத்தில் யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். வரி முடிந்தது, சுண்டுவிரல் அமுங்கியது. அந்த நிசப்தத்தில், இத்தனை வருஷம் அவள் மூச்சைக் கேட்டுப் பழகிய முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் டெஸ்டரோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் மூச்சை அவர்கள் எடுத்தார்கள். பாட்டு முடிந்ததும் செக்ரட்டரி என்ன செய்வதென்று தெரியாமல் சால்வையைக் கொண்டுவந்தார். பௌதி வாங்கிக் கிட்டாருக்குப் போர்த்தினாள்.

இப்போது அண்ணனுக்கும் பௌதிக்கும் நாக்பூருக்கு மாற்றலாகிவிட்டது. கிட்டாரும், ஃபேன் காலும், சால்வையும், எங்கள் வீட்டு சுவிட்சும் அங்கே. போகும்போது அண்ணன் புது சுவிட்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தான், அது பிரிக்காமல் கிடக்கிறது. பௌதியின் கிசுகிசுப்பு போனில் கேட்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேசுவதில்லை, வாசிக்கிறாள். அம்மா போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, அரிவாள்மணையில் காய் அரிந்துகொண்டே கேட்கிறாள். "இன்னிக்குக் கழுத்து நல்லாருக்கு" என்கிறாள். கேலி செய்த அந்தச் சொல்லைத் தவிர, இப்போது அம்மாவுக்கே வேறு சொல் வருவதில்லை. போன ஞாயிறும் அப்படித்தான் பாட்டு நடந்துகொண்டிருந்தது. வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் எழுந்தேன். அம்மா காய் அரிந்த ஈரக் கையால் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, இரு. அவ மூச்சு விடட்டும், பொறவு போய்த் தெற."