டைனிங் டேபிளில் ஒரு விமானம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டைனிங் டேபிளுக்காக ஒரு விமானம் பறந்தது.

புரியவில்லையா? சொல்கிறேன்.

எட்டு மாதமாக அந்த டேபிளில் சாப்பாடு கிடையாது. அங்கே நான் மாடல் விமானம் கட்டிக்கொண்டிருந்தேன் — பால்சா என்கிற லேசான கட்டையைச் சீவி, ஒட்டி, மோட்டாரும் ரிமோட்டும் பொருத்தி, எல்லாம் என் கையால். நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவளுக்கு முழங்கால் வலி. எனக்கு அதில் வருத்தம் உண்டு... டேபிளைக் காலி செய்கிற அளவுக்கு இல்லை.

கட்டிய விமானம் மூன்று முறை பறந்தது. அதாவது, மூன்று முறை விழுந்தது. மூக்கைத் தூக்கும், ஒரு கணம் நிற்கும், பொத்தென்று விழும். காற்று சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த நேரம் பார்த்து எரியோட்டிலிருந்து மைத்துனன் ஜெரால்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். 'ரெடி டு ஃப்ளை' விமானமாம். இறக்கையைச் செருகு, பேட்டரியை சார்ஜ் பண்ணு, பறக்க விடு. ஸ்டிக்கர்கூட ஒட்டியே வருகிறது!

"இதெல்லாம் ஒரு ஹாபியா மாப்ள? கட்டாதவனுக்கு விமானம் எப்புடிப் புரியும்?" என்றேன்.

கிச்சனிலிருந்து ஸ்டெல்லா குரல் கொடுத்தாள். "மாவு பாக்கெட்லதான் வாங்குறோம். இட்லி இட்லியாத்தான இருக்கு?"

 எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் விமானம் பறக்காவிட்டால் டேபிளைக் காலி செய்துவிடுகிறேன் என்று பந்தயம் கட்டிவிட்டேன்.

சர்ச்சில் பூசை முடிந்ததும் மூவரும் சாணார்பட்டிப் பக்கம், அறுவடை முடிந்த ஒரு சோளக்காட்டுக்குப் போனோம். ஜெரால்டின் விமானம் முதலில் கிளம்பியது. தென்னைகளுக்கு மேலே இரண்டு ரவுண்டு அடித்துவிட்டு சமர்த்தாக இறங்கியது. அவன் அதற்கு முன்னால் பறக்கவிட்டது காற்றாடி மட்டும்தான்.

"அம்புட்டுத்தான் மச்சான். இப்ப நீங்க விடுங்க."

 விட்டேன். இதோ மூக்கைத் தூக்கப்போகிறது... தூக்கவில்லை! நேராகப் போனது. திரும்பியது. நான் சொன்ன இடத்தில் வந்து இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கையால கட்டுனாத்தான் மாப்ள இந்த பேலன்ஸ் வரும்" என்று ஜெரால்டுக்கு லெக்சர் அடித்துக்கொண்டே, பேட்டரியைக் கழற்ற மூக்குப் பக்கம் இருந்த மூடியைத் திறந்தேன்.

உள்ளே, பேட்டரிக்கு முன்னால், ஒரு எலுமிச்சம்பழம்.

"என் தம்பிக்குக் கொள்ளிக்கண்ணுங்க" என்றாள் ஸ்டெல்லா. "வெளிய கட்டுனா பிச்சு எறிஞ்சிருவீங்கன்னு, காலைல நீங்க பேட்டரி மாட்டுனப்புறம் உள்ள வச்சேன்."

ஜெரால்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் விமானத்துக்கு வால் கனம். மூக்கில் ஒரு பழத்தின் எடை குறைந்திருக்கிறது. எட்டு மாதம் கட்டிய எனக்கு அது தெரியவில்லை! பெட்டியில் வருகிற விமானத்துக்கு அதை யாரோ பார்த்துச் சரிசெய்து அனுப்புகிறார்கள். அதில் என்ன கேவலம்? திரும்பி வரும்போது ஜெரால்டு வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்: "இறக்கை ஏன் மச்சான் மேல வளஞ்சிருக்கு?" அவனும் சீக்கிரம் கட்ட ஆரம்பித்துவிடுவான், பாவம்.

இன்னொன்றும் உறைத்தது. விமானம் விழுந்திருந்தால் டேபிள் ஸ்டெல்லாவுக்கு. அது தெரிந்தேதான் பழத்தை வைத்திருக்கிறாள்.

பந்தயத்தில் ஜெயித்தவன் நான்தான். ஆனாலும் அன்று மதியமே டேபிளைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த விமானத்தைக் கட்டிலில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.