‘கொதிக்க வையுங்கோ’ என்று சொன்ன பவளராணி

செய்தி வந்தபோது நான் நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பவளராணியின் தம்பி தொலைபேசியில் கதைத்தார். “அக்கா விடியப்புறம் மோசம் போட்டா. நாளைக்குத்தான் எடுக்கிறம், ஆறுதலா வாங்கோ.” பொறுக்கிய காய்களைக் கடைக்காரியிடமே கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். புற்றுநோய் முற்றியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பத்திரிகை அறிவித்தலில் ‘முன்னாள் பிரதேச சபை உறுப்பினர்’ என்று போட்டிருந்தார்கள். கலாநிதி என்ற பட்டத்தைக் காணவில்லை. பல்கலைக்கழக இரசாயனவியல் துறையில் அவரோடு ஒரே அறையில் இருந்து தலைநரைத்தவள் என்ற உரிமையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுவதும் ஆய்வுகூடத்தில் நின்ற மனுஷிக்கு ஒரு தவணை சபையில் இருந்ததுதானா அடையாளம்? அவரை அறிந்த உங்களுக்காக மிச்சத்தை நான் எழுதுகிறேன். ‘அவள்’ என்றுதான் கை எழுதப் பார்க்கிறது. அச்சில் வருவதால் ‘அவர்’.

அவருடைய வேலை நிலத்தடி நீர். போத்தலில் யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் தொடவே மாட்டார். தானே போய், தன் கையால் வாளியை இறக்கி அள்ளினால்தான் அது அவருக்குத் தண்ணீர். ஆனால் எங்கள் ஆட்களிடம் கிணற்றைப் பற்றிக் குறை சொல்வது பெற்ற பிள்ளையைக் குறை சொல்வது மாதிரி. கோப்பாயில் ஒரு வீட்டுக்காரர், “எங்கடை தண்ணி இளநி மாதிரி, குடிச்சுப் பாத்தாத் தெரியாதே மிஸ்?” என்று கேட்டார். “தெரியாது ஐயா. தெரிஞ்சா எனக்கேன் சம்பளம் தருகினம்?” என்றார் பவளம். ஊரில் அவருக்குத் ‘தண்ணி மிஸ்’ என்று பட்டம் வைத்தார்கள். அதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்பு வந்தது போர்க்கால இடப்பெயர்வின்போது. தென்மராட்சிப் பாடசாலைகளில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தபோது வயிற்றோட்டம் பரவியது. பவளம் ஓர் ஒலிபெருக்கியைக் கடன் வாங்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போனார். “கொதிக்க வையுங்கோ. நல்லாக் கொதிக்க வையுங்கோ. குழந்தையளுக்குக் கொதிச்சாறின தண்ணி மட்டும் குடுங்கோ.” சைக்கிளில் அவர் பின்னால் போன எனக்கே அந்த வசனம் கனவில் வரும். அன்று அது சரியான சொல். எத்தனையோ பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள். சனம் ஊர் திரும்பியபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனது.

சண்டை முடிந்து சில ஆண்டுகளின் பின், கோப்பாய்ப் பக்கத் தோட்டக் கிராமம் ஒன்றில் ஒரு பச்சைக் குழந்தை உடல் நீலம் பாரித்து இறந்தது. தாய்க்குக் கடும் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பால்மா கரைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். வைத்தியர் ஒருவர் சந்தேகப்பட்டுப் பவளத்துக்குச் சொல்ல, நாங்கள் இருவரும் போனோம். அந்த வீட்டுக் கிணற்றில் நைத்திரேற்று மிகுந்து கிடந்தது. பச்சைக் குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயுவைத் தடுத்து உடலை நீலமாக்குவது அதுதான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டும் யூரியாவும், கிணற்றோடு ஒட்டி வெட்டிய மலசலகூடக் குழியும் சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கிச் செய்த வேலை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, நீர் வற்ற வற்ற அது செறியும். அந்தத் தாய் கவனமான பெண். ஆறிய தண்ணீரை மறுபடி மறுபடி கொதிக்க வைத்துக் கொடுத்திருந்தாள்.

பவளம் எதையும் மறைக்காமல் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் சின்னப் பிள்ளையா முகாமிலை இருக்கேக்கை நீங்கள்தானே மிஸ் கொதிக்க வைக்கச் சொன்னனீங்கள்?” என்றாள்.

“ஓம் பிள்ளை, நான்தான் சொன்னனான்.”

அது அந்தக் காலத்து நோய்க்குச் சொன்னது என்று நான் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பவளம் என் கையைப் பிடித்து அமத்தினார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அறிக்கை எழுதினார். கூட்டங்களில் கதைத்தார். எல்லாரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அறைக்குள் வந்து, வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார்.

“உமக்கு விசரே?” என்றேன்.

“விசர்தான். ஆனா கேளும். நான் எழுதினா அது அறிக்கை. சபையிலை கையுயர்த்தினா அது தண்ணி கொண்டுபோற பவுசர் லொறி. பிழை என்ரை வாயாலை போனது. திருத்தமும் நான்தான் கொண்டு போகவேணும்.”

மேடையில் அவருக்குப் பேச வராது; விரிவுரைதான் வரும். கட்சிக்காரர் ஒலிவாங்கியைப் பறித்து, “தண்ணி மிஸ் வந்தா தண்ணி வரும்!” என்று கத்தினார்கள். சனமும் நம்பி வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டது. தண்ணீரைக் கெடுத்தது வெளியாள் யாரோ, அவரைத் தண்ணி மிஸ் பிடித்துத் தருவார் என்று நினைத்தார்கள். அவரோ சபைக்குப் போன கையோடு, குற்றம் எங்கள் தோட்டத்திலும் எங்கள் வீட்டுக் கோடிக் குழியிலும்தான் இருக்கிறது என்றார்.

பச்சைக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் பவுசரில் தண்ணீர் வந்தது. அதோடு நின்றிருந்தால் கடைசிவரை உறுப்பினராகவே இருந்து செத்திருப்பார். குழந்தைகளுக்கு ஆகாத கிணறுகளின் கட்டில் சிவப்புப் பட்டை பூச வைத்தார். ஊர் கொதித்தது. ஒரு பெரியவர் தன் வாசற் படலையில் மறித்துக் கேட்டார்: “உங்களுக்குத்தானே மிஸ் புள்ளடி போட்டனாங்கள்? இது என்ரை மோளுக்குச் சீதனமாக் குடுக்கிற வளவு. மாப்பிளை பகுதி வந்து பாத்தா என்ன நினைப்பினம்?”

“மோளுக்கு ஒரு பிள்ளை பிறந்தா அதுக்கு என்னத்தைக் கரைச்சுக் குடுப்பியள் எண்டு நினைச்சுப் பாருங்கோ” என்றார் பவளம்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது, ஊர் முழுக்கச் சிவப்புப் பட்டைகள் சுண்ணாம்புக்குள் மறைந்தன. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. தனியாக நின்று படுதோல்வி கண்டார். புதிய சபை பவுசரை நிறுத்தியது.

பிறகு அவர் செய்ததைப் பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு மற்றவர்கள் மோதிரமும் சட்டையும் கொண்டுபோக, இவர் நல்ல கிணற்றில் அள்ளிய தண்ணீரை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனார். ஒருவரின் வளவுக்குள் தண்ணீர் கொண்டுபோவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சில வீடுகளில் அவர் கண் முன்னாலேயே பூமரத்துக்கு ஊற்றினார்கள். “பூமரம் என்ன பாவம் செய்தது, அதுவும் குடிக்கட்டும்” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்காரர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

செத்தவீட்டுக்குச் சனம் அவ்வளவாக வரவில்லை. கட்சியிலிருந்து ஒரு மாலை வந்தது, ஆள் வரவில்லை. பெட்டியை எடுத்த பிறகு பந்தலின் ஓரத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். இறந்த குழந்தையின் தாய். ஆளை எனக்கு உடனே மட்டுக்கட்டத் தெரியவில்லை.

“நான் உவவை மன்னிக்கேல்லை மிஸ்” என்றாள். “ஆனா என்ரை ரெண்டாவது பிள்ளை உவ கொண்டந்த தண்ணியிலைதான் வளந்தது. கூப்பிட மாட்டா. படலையடியிலை வைச்சிட்டுப் போடுவா. நானும் வெளியிலை வாறேல்லை. அவன் இப்ப பள்ளிக்கூடம் போறான்.”

“இதைப் பவளத்திட்டைச் சொன்னனீரே?”

“இல்லை” என்றாள். “ஒரு நாள் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்.”

அவரது புத்தகங்கள் தம்பியிடம் இருக்கின்றன. கருவிகள் துறையில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அந்தத் தாய் சொன்னது மட்டும்தான். பவளம் கேட்க வேண்டியதை நான் கேட்டுவிட்டேன்.