காப்புக் கட்டிய முத்துவீரன்

இலங்கையில் தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முத்துவீரனைவிட நன்றாகப் பால் வெட்டியவர்கள் உண்டு. அவனைவிட நன்றாகத் தப்புப் பறை அடித்தவன் கிடையாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வயிறு எரியும். கூத்தை நடத்தும் முதல் தப்பு அவனுடையது, இரண்டாவது தப்பு அடித்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் எங்கள் லயத்து வரிசை வீட்டு இளவட்டத்துக்கு ஒரே பைத்தியம், வேக அடி. மெதுவான பாட்டு என்றால் கிழவன் பாட்டு என்று சிரிப்போம். கஞ்சா இழுத்தால்தான் கைக்கு அந்த வேகம் வரும் என்று நம்பினோம். மாசியில் ரதி மன்மதன் கதை ஆடும் காமன் கூத்துக்குக் காப்புக் கட்டினால் கள்ளும் கவிச்சியும் ஆகாது. கஞ்சா மட்டும் சாமி மூலிகையாம், அதற்குத் தடை இல்லையாம். வசதியான சாஸ்திரம்!

அந்த மாசியில் காப்புக் கட்டியதும் முத்துவீரன் நாங்கள் நீட்டிய கஞ்சாச் சிலும்பியைத் தள்ளிவிட்டான். முந்தின வாரம்தான் கஞ்சா போதையில் பால் வெட்டப் போய், அவன் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியிருந்தது.

"வேணாம்டா. கட்டின காப்புக்கு இதுவும் கவிச்சிதான்," என்றான்.

"இழுக்காம வேக அடி வருமா? பிசகுனா மொதத் தப்ப எங்கிட்டக் குடுத்துரு," என்றேன்.

"சரி, குடுத்துர்றேன்."

அந்தத் தப்பு அவனுக்கு உயிர். சொல்லும்போதே முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம்.

ஞாயிறு மத்தியானம் ஒத்திகை. தப்புத் தோலைத் தீயில் காய்ச்சினோம். ரதி வேஷம் கட்டும் இராமசாமி சலங்கையோடு வந்து நின்றான். வேக அடி தொடங்கியது. முத்துவீரனுக்கு வேர்த்துக் கொட்டியது, முதல் சுற்றிலேயே குச்சி இரண்டு தரம் தடுமாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். இழுத்துவிட்டு வந்த நாங்கள் ஐந்து பேரும் பறந்தோம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று சலங்கை நின்றது. இராமசாமி எங்களை ஒரு முறை முறைத்தான். நேரே போய் முத்துவீரனுக்கு எதிரே நின்று, அவன் அடிக்கு மட்டும் ஆடத் தொடங்கினான். நாங்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினோம்.

"தாளத்த ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நான் எதுக்குக் கால் வைக்கிறது?" ஆடி முடித்ததும் சீறினான். "போன வருஷமும் இதே லட்சணந்தான்."

"போன வருஷம் நானுமா?" என்று கேட்டான் முத்துவீரன்.

"நீயுந்தான்."

கஞ்சா இழுத்து அடித்த போன வருஷத்து அடியைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவன் அவன். கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, தப்பை மறுபடி தீயருகே கொண்டுபோனான்.

"இன்னொரு தடவ அடிப்போம். மெதுவா ஆரம்பிங்க," என்றான்.

அந்தத் தீயிலேயே என் கஞ்சாப் பொட்டலத்தைப் போட்டேன் என்றால் பொய். மறுநாள் காலையில்தான் போட்டேன். முதல் தப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.